சமையலறைச் சுவரை எடுக்கும் முன்: அடுக்குமாடி வீட்டில் திறந்த சமையலறை அமைக்க ஒரு வழிகாட்டி

சென்னையில் இருபது, முப்பது வருடப் பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவர்களில் பலருக்கு ஏறக்குறைய ஒரே அமைப்புதான் வாய்க்கிறது. நீளவாக்கில் ஒரு ஹால், அதன் முனையில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு சமையலறை, இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தை மறித்துக்கொண்டு ஒரு சுவர். அந்தச் சுவரை எடுத்துவிட்டால் வீடே பெரிதாகிவிடும் என்று தோன்றுவது இயல்பு. உள் அலங்கார நிறுவனங்களும் கணினியில் வரைந்த படத்தைக் காட்டி அந்த ஆசையை வளர்க்கின்றன. படத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் பூச்சாடி இருக்கும். தாளிப்புக் கரண்டி இருக்காது.

வீட்டு உரிமையாளர் சங்கம், பொறியாளர், கொத்தனார் என்று மூவருக்கும் நடுவில் அலைந்து இந்த வேலையை முடித்திருக்கிறேன். எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும், எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வண்ணம், கைப்பிடி, தொங்கு விளக்கு பற்றிப் பேசப் போவதில்லை. அதற்கெல்லாம் ஊர் முழுக்க ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இது சொந்த வீட்டுக்காரர்களுக்கானது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் கை வைக்க வேண்டாம்.

1. எவ்வளவு திறப்பது என்பதை முடிவு செய்யுங்கள்

திறந்த சமையலறை என்றால் சுவர் முழுதும் போக வேண்டும் என்று அவசியமில்லை. மூன்று வழிகள் இருக்கின்றன. சுவரை முழுதாக எடுப்பது ஒன்று. இடுப்பளவு குட்டைச் சுவரை விட்டுவிட்டு மேலே மட்டும் திறப்பது இன்னொன்று. சுவருக்குப் பதிலாக நகரும் கண்ணாடிக் கதவு போடுவது மூன்றாவது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் வீட்டுச் சமையல்தான் சொல்ல வேண்டும். வாரத்தில் பல நாள் மீன் வறுக்கிறீர்களா? சாம்பார்ப் பொடிக்கு மிளகாயை வீட்டிலேயே வறுக்கிறீர்களா? காலை ஆறு மணிக்கு மிக்ஸி ஓடும்போது ஹாலில் யாராவது தூங்குகிறார்களா? மாலையில் பாத்திரம் துலக்க வருபவர் வரும்வரை தொட்டியில் பாத்திரம் குவிந்திருக்குமா? இவற்றில் இரண்டுக்காவது ஆம் என்றால் முழுத் திறப்பு உங்களுக்கு ஒத்துவராது.

என் கருத்தில் நம் சமையலுக்குக் குட்டைச் சுவர்தான் சரி. தரையிலிருந்து 42 அங்குலம் உயரமாக விட்டால், 34 அங்குல மேடையில் கிடக்கும் அழுக்குப் பாத்திரம் சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. சுவரின் தலையில் ஒரு அடி அகலக் கிரானைட் பலகை வைத்தால் காபி குடிக்கவும் பரிமாறவும் உதவும். ஸ்விட்ச் போர்டுக்கும் ஓர் இடம் மிஞ்சும். கண்ணாடிக் கதவு அசைவம் நிறையச் சமைக்கும் வீட்டுக்கு நல்லது. ஆனால் அதன் கீழ்த்தண்டவாளத்தில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கை வாரம் ஒருமுறை துடைக்க ஆள் வேண்டும். மேலிருந்து தொங்கும் வகையாக வாங்கினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள். அடுப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும், வாசலில் நின்றால் அடுப்பு தெரியக் கூடாது என்பவை பாதிச் சுவர் இடிந்த பிறகு கிளம்பினால் சமாளிக்க முடியாது.

2. சுவர் எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதில்தான் அதிகமாக ஏமாற்றப்படுகிறோம். “இது வெறும் பார்ட்டிஷன் சுவர் சார், தட்டிவிடலாம்” என்று விரலால் தட்டிப் பார்த்தே மேஸ்திரி சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை உறுதி செய்யும் பொறுப்பு அவருடையது அல்ல.

கட்டடங்கள் பெரும்பாலும் மூன்று வகை. பழைய இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்கள் சிலவற்றில் பில்லரே கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர்களே மேல்தளத்தைத் தாங்குகின்றன. அங்கே சுவரை முழுதாக எடுக்கும் பேச்சே வேண்டாம். பில்லரும் பீமும் உள்ள கட்டடங்களில் உட்சுவர்கள் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல்; இவை மேல்தளத்தைத் தாங்காத நிரப்புச் சுவர்கள், எடுக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவது வகை, அலுமினிய அச்சில் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்த்த புதிய உயர்மாடிகள். அங்கே உட்சுவரும் கட்டடத்தின் எலும்பு. ஒரு துளை போடுவதற்குக் கூட அனுமதி கேட்க வேண்டும்.

நீங்களே சிலவற்றைப் பார்த்துவிடலாம். கதவு நிலையில் அளவு நாடாவை வைத்துச் சுவரின் கனத்தைப் பாருங்கள். இருபக்கப் பூச்சோடு ஐந்தரை, ஆறு அங்குலம் என்றால் நாலரை அங்குலச் சுவர். பத்து வந்தால் ஒன்பது அங்குலச் சுவர். ஆணி அடிக்கத் துளைத்தால் சிவப்புத் தூள் வருவது செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்தால் கான்கிரீட்டாக இருக்கலாம், நிலக்கரிச் சாம்பலில் செய்த கல்லாகவும் இருக்கலாம். அதைக் கொண்டு மட்டும் முடிவுக்கு வராதீர்கள். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே எடுத்திருந்தால் அது உங்களுக்குச் சாதகம் என்று எண்ணிவிட வேண்டாம். பொறியாளரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவலே அதுதான்.

பலரும் கவனிக்காமல் விடுவது பரணை. நம் சமையலறைகளில் ஏழடி உயரத்தில் கான்கிரீட் பரண் இருக்கும். அது பல வீடுகளில் நாம் எடுக்க நினைக்கும் அதே சுவரில்தான் செருகியிருக்கும். சுவரை எடுத்தால் பரணும் போக வேண்டும். கீழே முட்டுக் கொடுக்காமல் சுவரை உடைத்தால் பரண் வேலையாட்களின் தலையில் விழும். பரணை இழந்தால் அண்டாவும் பித்தளைப் பாத்திரங்களும் எங்கே போகும் என்பதும் வீட்டில் பெரிய விவாதமாகும். அதற்கு மாற்று இடம் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, பதிவு எண்ணுடன் கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும். உள் அலங்கார நிறுவனத்தின் வடிவமைப்பாளர் கட்டமைப்புப் பொறியாளர் அல்ல. எங்களிடம் வந்த ஒரு நிறுவனம் இதைக் கேட்டதும் “அதெல்லாம் தேவையில்லை” என்றது; அந்த இடத்திலேயே அவர்களை அனுப்பிவிட்டோம். பொறியாளர் வந்து பார்க்கவும் கடிதத்துக்குமாகச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். முழுச் செலவில் இதுதான் மிகச் சிறியது, இதுதான் மிக அவசியமானது.

3. காகிதங்களைச் சேருங்கள்

கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரத்தின் நகல், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், கிடைத்தால் கட்டுநரின் பில்லர்-பீம் வரைபடம், பொறியாளர் கடிதம், எந்தச் சுவர் எவ்வளவு நீளத்துக்குப் போகிறது என்று காட்டும் ஒரு பக்கப் படம், வேலையாட்களின் அடையாள அட்டை நகல்கள்.

அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் பல வீடுகளில் பத்திரத்தோடே இருக்கும். இல்லையென்றால் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால், அனுமதி கொடுத்தது சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமா மாநகராட்சியா என்று பார்த்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பதில் வர 30 நாள் வரை ஆகலாம். ஆகவே இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். விண்ணப்பத்தில் அனுமதி எண் இருந்தால் தேடுவது எளிது. அந்த எண் பெரும்பாலும் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் இருக்கும்.

சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் சுத்தியலை எடுக்காதீர்கள். வீடு உங்களுடையது, ஆனால் பில்லர், பீம், தளம் எல்லாம் எல்லோருக்கும் பொது. கட்டடத்தின் உறுதிக்குக் கேடு வரும் வேலையை எந்த உரிமையாளரும் தனியாகச் செய்ய முடியாது. விண்ணப்பத்தோடு பொறியாளர் கடிதத்தை முதல் நாளே இணைத்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும். சில சங்கங்கள் திருப்பித் தரக்கூடிய முன்பணம் கேட்கும். ரசீதில் “திருப்பித் தரப்படும்” என்ற சொற்கள் இருக்கட்டும். செயலாளர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது. செயலாளர் மாறினால் அந்தச் சரியும் மாறிவிடும்.

வீட்டுக் கடன் நடப்பில் இருந்தால் வங்கியின் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். கட்டமைப்பு மாற்றத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பலவற்றில் உண்டு. கட்டி ஐந்து வருடம் ஆகாத புது வீடு என்றால் இன்னொரு சிக்கல்: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். நீங்கள் சுவரை எடுத்த பிறகு விரிசல் வந்தால், அதற்கு நீங்கள்தான் காரணம் என்று அவர் கைகழுவ வழி கிடைக்கும். அவசரமில்லையென்றால் ஐந்தாண்டு கழியட்டும்.

வேலை தொடங்கும் முன் மேல், கீழ், பக்கத்து வீடுகளின் சுவர்களையும் கூரையையும் அவர்கள் அனுமதியோடு படமெடுத்து வையுங்கள். பழைய விரிசலுக்கெல்லாம் நீங்கள் பூச்சு வேலை செய்துகொடுக்க வேண்டிய நிலை வராது.

4. புகை வெளியே போகும் வழியை வரையுங்கள்

சுவர் இருந்தவரை தாளிப்பின் நெடி சமையலறைக்குள் அடங்கும். சுவர் போன பிறகு அது திரைச்சீலையிலும் சோபா துணியிலும் குடியேறும். ஆகவே அடுப்பின் இடத்தைப் புகைபோக்கியின் குழாயை வைத்து முடிவு செய்யுங்கள். அழகை வைத்து அல்ல.

அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி இருப்பதுதான் நல்லது. 6 அங்குலக் குழாய், முடிந்தவரை நேராக, ஒரே ஒரு வளைவோடு வெளியேற வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். வளைந்து நெளியும் மெல்லிய அலுமினியக் குழாயை நீளமாக இழுக்காதீர்கள். அதன் மடிப்புகளில் எண்ணெய் தேங்கும். வெளிச்சுவரில் துளையை வைர வெட்டுக் கருவியால் போடச் சொல்லுங்கள், சுத்தியலும் உளியும் வேண்டாம். துளை பீமில் விழக் கூடாது. பீம் தடுத்தால் அதன் கீழே இறங்கிப் போக வேண்டும். அப்போது குழாயை மறைக்கப் பொய்க்கூரை தேவைப்படும்.

படங்களில் வரும் தீவு மேடை, அதாவது நடுக்கூடத்தில் அடுப்பு, நம் அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்றதல்ல. புகைக்குழாய் கூரை வழியே பத்துப் பதினைந்து அடி ஓட வேண்டும், எரிவாயுக் குழாய் தரைக்கடியில் வர வேண்டும், குழந்தைகள் ஓடும் வழியில் கொதிக்கும் எண்ணெய் இருக்கும்.

வெளிக்குழாய் இல்லாமல் காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும் வகைப் புகைபோக்கியை விற்பனையாளர் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். கரி வடிகட்டி நெடியைச் சற்றுக் குறைக்கும். குக்கர் நீராவியும் வெப்பமும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நம் சமையலுக்கு மணிக்கு 1,200 கன மீட்டர் இழுவை உள்ளதை வாங்குங்கள். அடுப்புக்கு மேல் 26 முதல் 30 அங்குலத்தில் பொருத்த வேண்டும். பெரிய இட்லிப் பானையை வைத்து மூடியைத் தூக்க இடமிருக்கிறதா என்று பார்த்து உயரத்தைக் குறியுங்கள்.

ஹாலின் மின்விசிறியை யாரும் நினைப்பதில்லை. சுவர் போனதும் அந்தக் காற்று நேராக அடுப்பின் தீயை அலைக்கும், புகையையும் புகைபோக்கிக்கு எட்டவிடாமல் கலைக்கும். விசிறியின் இறக்கை முனைக்கும் அடுப்புக்கும் நல்ல இடைவெளி வேண்டும். இல்லையென்றால் விசிறியை நகர்த்துங்கள், அல்லது அடுப்பின் பக்கவாட்டில் ஒன்றரை அடி உயரக் கண்ணாடித் தடுப்பு வையுங்கள். அதற்குத் தடித்த, வெப்பம் தாங்கும் கண்ணாடி வேண்டும்.

5. எரிவாயு

அடுப்பு நகர்ந்தால் சிலிண்டரும் நகரும், அல்லது குழாய் நீளும். ரப்பர் குழாயைச் சுவருக்குள்ளோ அலமாரிக்குப் பின்னாலோ மறைத்து ஓட்டக் கூடாது, இணைப்புப் போட்டு நீட்டவும் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தாமிரக் குழாய்தான். அந்த வேலையை உங்கள் எரிவாயு முகவர் வழியாகச் செய்யுங்கள். மேஸ்திரியின் நண்பரிடம் கொடுக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் அலமாரியின் கதவுக்கு அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம். பின்பக்கத் துணி துவைக்கும் இடத்தில் சிலிண்டரை வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கசிவு அவசர உதவிக்கான 1906 என்ற எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

6. கழுவும் தொட்டியை நகர்த்தாதீர்கள், மின்சாரத்தை நகர்த்துங்கள்

கழுவும் தொட்டியை ஹாலைப் பார்த்த மேடைக்குக் கொண்டுவரலாம் என்று வடிவமைப்பாளர் சொல்வார். குடிநீர்க் குழாய் எங்கும் போகும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். தொட்டி தள்ளிப் போகப் போகத் தரையை உயர்த்த வேண்டும், அடைப்பும் கூடும். பழைய இடத்திலிருந்து நாலைந்து அடிக்கு மேல் நகர்த்தாமல் இருப்பது நல்லது.

மின்சாரம் அப்படியல்ல. இடிக்கும் சுவருக்குள் ஹாலின் கம்பிகளும் ஓடியிருக்கும். இடிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியன் எது எங்கே போகிறது என்று சுவரிலேயே சாக்பீஸால் குறிக்க வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், குடிநீர்ச் சுத்திகரிப்பான், குளிர்பதனப் பெட்டி, புகைபோக்கி என்று எண்ணி, அதற்கு மேல் இரண்டு பிளக் கூடுதலாகப் போடுங்கள். அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத வீடு என்றால் இப்போதே பொருத்திவிடுங்கள். பழைய இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸியையும் கிரைண்டரையும் பின்பக்கத்தில் ஒரு மேடை கட்டி வைப்பது என் பரிந்துரை. திறந்த சமையலறையில் புகைக்கு அடுத்த பெரிய தொல்லை இந்தச் சத்தம்தான்.

7. தரையில் விழும் பள்ளம்

சுவர் இருந்த இடத்தில் டைல்ஸ் இருக்காது. ஆறு அங்குல அகலத்தில் வெறும் சிமென்ட் கோடு ஒன்று வெளியே வரும். ஹாலின் தரையும் சமையலறையின் தரையும் பல வீடுகளில் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. தண்ணீர் ஹாலுக்கு வராமலிருக்கச் சமையலறை அரை அங்குலம் தாழ்ந்திருக்கும். பழைய டைல்ஸ் இப்போது சந்தையில் கிடைக்காது. இதை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டு, பாதி வேலையில் “முழுத் தரையையும் மாற்ற வேண்டும்” என்பது ஒப்பந்தக்காரர்களின் வழக்கம். அதற்கு அவசியமில்லை. அந்தக் கோட்டில் முனை மழுக்கிய கிரானைட் பட்டை ஒன்றைப் பதித்தால் மட்ட வேறுபாடும் மறையும், எல்லையும் தெரியும், தண்ணீரும் ஹாலுக்கு வராது.

மேடையின் உயரத்துக்குப் பொது அளவைக் கேட்காதீர்கள். சமைப்பவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும். முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு 32 அங்குலமே சரியாக வருகிறது, நிறுவனங்கள் 34 வைத்துவிடுகின்றன. சமைப்பது யார் என்பது வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் அவரையே நிற்க வையுங்கள்.

8. விலைப்பட்டியலைப் படிக்கும் முறை

பத்துக்கு எட்டு அடி சமையலறைக்கு, சுவர் எடுப்பு முதல் அலமாரி வரை, எங்களுக்கு வந்த மதிப்பீடுகள் நான்கு லட்சத்துக்கும் ஆறரை லட்சத்துக்கும் இடையில் இருந்தன. வேறுபாட்டின் காரணம் பொருளின் தரம் மட்டுமல்ல, எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதும்தான்.

விடுபடுபவை பெரும்பாலும் இவை: இடிபாடுகளை அகற்றும் வண்டிக் கூலி, வெட்டிய இடங்களில் பூச்சு, ஹால் பக்கத்துப் பெயின்ட், புகைபோக்கிக் குழாய், கழுவும் தொட்டியின் குழாய் உதிரிகள், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அலமாரியை ஒருவர் சதுர அடியில் சொல்வார், இன்னொருவர் ஓடும் அடியில், அதாவது நீளத்தை மட்டும் வைத்து, சொல்வார். இரண்டையும் ஒப்பிடவே முடியாது. முன்பக்கப் பரப்பின் சதுர அடி என்று எல்லோரிடமும் ஒரே அளவில் கேளுங்கள். உள்ளே வரும் கம்பிக் கூடைகள், கீல்கள், மேல் பரண் கதவுகள் தனியா சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள்.

தொட்டிக்குக் கீழே வரும் அலமாரிக்கு ஈரம் தாங்கும் பலகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டைக் கேளுங்கள், பலகை வந்திறங்கும்போது முத்திரையை நேரில் பாருங்கள். அழுத்திய மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பிவிடும். மீதமெல்லாம் உங்கள் பணப்பையைப் பொறுத்தது.

இடிபாட்டை இரவோடு இரவாக ஏரிக்கரையிலோ தெருமுனையிலோ கொட்டும் வண்டிக்காரரை அமர்த்தாதீர்கள். மாநகராட்சியின் கட்டட இடிபாட்டுச் செயலாக்க மையங்கள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. தெருவில் கொட்டினால் அபராதம் வரும், சங்கம் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

9. எப்போது தொடங்குவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். பூச்சு காயாது, பெயின்ட் பிடிக்காது, மரப்பலகை ஈரம் இழுக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் ஆள் கிடைக்காது. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் இடிக்கும் சத்தத்துக்குப் பக்கத்து வீடுகள் ஒப்பாது. தை பிறந்ததும் தொடங்கி மாசிக்குள் இடிப்பும் வெட்டும் முடிந்துவிட்டால், தச்சு வேலை வெயில் காலத்தில் நிதானமாக நடக்கும்.

வேலையின் வரிசை: மின் இணைப்புத் துண்டிப்பு, முட்டுக் கொடுத்தல், பரணும் சுவரும் மேலிருந்து கீழாக இடித்தல், மின்-தண்ணீர்க் குழாய்களுக்கு வெட்டு, பூச்சு, பூச்சுக்குக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் தெளித்தல், தரைப் பட்டை, கிரானைட் மேடை, பெயின்ட்டின் முதல் பூச்சு, அலமாரி, புகைபோக்கி, கடைசிப் பெயின்ட். அலமாரிக்கான இறுதி அளவைக் கிரானைட் பதித்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் செய்யும் அலமாரி வர அளவெடுத்து நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மொத்தத்தில் இரண்டரை, மூன்று மாதத்தை ஒதுக்குங்கள். அதுவரை பின்பக்கத்தில் ஒரு தற்காலிக அடுப்பும் ஒரு குழாயும் இருக்கட்டும். மூன்று மாதம் வெளிச்சாப்பாடு கட்டுப்படியாகாது.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: முன்பணம், இடிப்பும் பூச்சும் முடிந்ததும், அலமாரி வந்திறங்கியதும், கடைசியில் பத்து விழுக்காடு. அந்தப் பத்து விழுக்காட்டைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. புகைபோக்கியை ஓடவிட்டு, ஹால் விசிறியையும் போட்டு, ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாயை வாணலியில் வறுங்கள். ஒப்பந்தக்காரரைப் படுக்கையறையில் உட்காரச் சொல்லுங்கள். அவர் இருமினால் குழாயைச் சரிசெய்த பிறகு பணம்.